கல்லீரல் கொழுப்பும் சத்தூட்டிய பசுந்தேநீரும்

சென்னைக்குத் தெற்கேயுள்ள பல்லாவரம் தொன்மை வாய்ந்த ஊர். 1863-ஆம் ஆண்டில் இராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் நிலவியலறிஞர் பழங்கற்கால மனிதனின் கற்கருவியைக் கண்டெடுத்தது இவ்வூரில்தான். ஏரிப் பாசனத்தில் நெல் விளைவித்தவர்களும், மலையடிவாரத்தில் கல்லுடைத்தவர்களும், அருகே அனகாபுத்தூரில் தறி நெய்தவர்களும் உடலுழைப்பையே முதலாகக் கொண்டு வாழ்ந்த வட்டாரம் இது. இன்று பல்லாவரம், 2021-ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற தாம்பரம் மாநகராட்சியின் ஒரு பகுதி. வயல்கள் வீட்டு மனைகளாயின. மண்வெட்டி பிடித்த குடும்பங்களின் பிள்ளைகள் நாற்காலியில் அமர்ந்து வேலை செய்கின்றனர். உழைப்புக் குறைந்த அளவுக்கு உணவு குறையவில்லை. சர்க்கரையும் எண்ணெய்ப் பண்டங்களும் பெருகின. இம்மாறுதல் பல்லாவரத்தோடு நிற்பதன்று. உழவு இயந்திரமும் இரு சக்கர வண்டியும் வந்த ஒவ்வொரு கிராமமும் இவ்வழியில்தான் சென்றுகொண்டிருக்கிறது.

இம்மாறுதலின் பின்னே வந்த நோய்களுள் ஒன்று, கல்லீரலில் கொழுப்புப் படிதல். அதைக் கரைக்கும் என்ற பேச்சோடு பசுந்தேயிலைப் பொட்டலங்களும் கடைக்கு வந்துள்ளன. துத்தநாகம், செலீனியம், குரோமியம் போன்ற தாதுச் சத்துகளைக் கூட்டிய பசுந்தேநீர் இன்னும் சிறந்தது என்ற விளம்பரமும் உண்டு. அதை வாங்கலாமா, அதனால் நோய் நீங்குமா என்று பலரும் கேட்கின்றனர். சுருங்கக் கூறின், சர்க்கரையிடாத பசுந்தேநீர் நல்லதொரு பானம். ஆனால் அது மருந்தன்று. அதில் தாதுவைக் கூட்டுவதால் அது மருந்தாகிவிடுவதுமில்லை. இதற்கான காரணங்களையும், நோய்க்கு உண்மையில் உதவும் வழிகளையும் இங்கே விளக்க விரும்புகிறோம்.

கல்லீரல் என்னும் களஞ்சியம்

வலப்புற விலாவெலும்புகளின் அடியில் அமைந்துள்ள கல்லீரல், வளர்ந்த மனிதனிடத்தில் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுள்ளது. குடலில் செரித்த சத்துகளைச் சுமந்து வரும் இரத்தம் நேரே இங்குதான் வருகிறது. உடலுக்கு வேண்டியதைச் சேமித்தலும், பித்தநீர் சுரத்தலும், நச்சுப் பொருள்களை முறித்தலும், இரத்தம் உறைவதற்குத் தேவையான புரதங்களை ஆக்கலும் இதன் பணிகள்.

கல்லீரலை ஒரு களஞ்சியமாகக் கருதலாம். நாம் உண்ணும் சோறும் சர்க்கரையும் குளுக்கோஸாக மாறி அங்கே வருகின்றன. அவற்றில் ஏறத்தாழ 100 கிராம் அளவையே கல்லீரல் கிளைக்கோஜன் என்னும் உருவில் சேர்த்து வைக்க இயலும். அதற்கு மேல் வருவதை என் செய்வது? உழைப்பவனின் தசைகள் அதைச் செலவழித்துவிடும். உழைப்பில்லாதவனிடத்தில், எஞ்சியதைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றத் தொடங்குகிறது. தொப்பையில் திரண்ட கொழுப்பும் இரத்தத்தின் வழியாக வந்து சேருகிறது. குதிர் நிறைந்த பின்னும் மூட்டைகள் வந்துகொண்டேயிருந்தால் தாழ்வாரமும் நடையும் அடைபட்டு, வீட்டார் நடமாட இடமின்றிப் போவது போன்றதே இது. கல்லீரலில் 5 விழுக்காட்டுக்கு மேல் கொழுப்பு இருப்பின் அதனைக் கொழுப்பேறிய கல்லீரல் என்பர்.

பலருக்கு நோய் இந்நிலையோடு நிற்கிறது. சிலருக்குக் கொழுப்பேறிய இடத்தில் அழற்சி தோன்றுகிறது. அழற்சி நீடித்தால் தழும்பு விழுகிறது. தழும்பு பெருகினால் கல்லீரல் சுருங்கி இறுகுகிறது. அந்நிலையில் வயிற்றில் நீர் கோத்தலும், இரத்த வாந்தியும், புற்றுநோயும் நேரக்கூடும். தொடக்கத்தில் வலியோ காய்ச்சலோ பெரும்பாலும் தோன்றுவதில்லை என்பதே இந்நோயின் பெரிய ஆபத்து. வலி வந்த பின் பார்த்துக்கொள்வோம் என்று இருப்பது, ஏரிக்கரை உடைந்த பின் மண்வெட்டி தேடுவதை ஒக்கும்.

குடிப்பவர்க்கு மட்டும் வருவதா?

கல்லீரல் கெட்டது என்றவுடன் குடிப்பழக்கத்தையே பலரும் எண்ணுகின்றனர். குடி கல்லீரலைக் கெடுக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு துளி மதுவையும் தொடாதவர்களுக்கும் இந்நோய் வருகிறது. ஊரார் என்ன சொல்வார்களோ என்று அஞ்சி, குடியாத ஆடவரும் குடும்பப் பெண்களும் பரிசோதனையின் முடிவை மறைப்பதுண்டு. இம்மறைவு சிகிச்சையைத் தாமதப்படுத்துகிறது. முன்னர் ‘மது சாராத கொழுப்புக் கல்லீரல் நோய்’ என்று வழங்கிய பெயரையே உலக மருத்துவச் சங்கங்கள் 2023-இல் மாற்றிவிட்டன. உடலில் சர்க்கரையும் கொழுப்பும் கையாளப்படும் முறையில் ஏற்படும் கோளாற்றைக் காட்டும் புதிய பெயரை அவை இட்டுள்ளன.

இந்நோயின் அளவை நம் சென்னையிலேயே ஆராய்ந்துள்ளனர். மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை 2009-இல் வெளியிட்ட ஆய்வில், சென்னை நகரத்தார் 541 பேரைச் சோதித்ததில் 173 பேருக்கு, அதாவது 32 விழுக்காட்டினருக்கு, கொழுப்பேறிய கல்லீரல் இருந்தது. நீரிழிவு உள்ளவர்களிடத்தில் இது பாதிக்கு மேற்பட்டது.

கிராமத்தார் தப்பிவிட்டனர் என்றும் கூறுவதற்கில்லை. மேற்கு வங்காளத்தின் கிராமப்புறத்தில் 1,911 பேரை ஆராய்ந்து 2010-இல் வெளியிட்ட முடிவின்படி, அவர்களுள் 8.7 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருந்தது. நோயுற்றவர்களுள் நால்வரில் மூவர் பருத்தவர் அல்லர். ஆகவே, மெலிந்த உடம்புக்கு இந்நோய் வாராது என்று எண்ணி ஏமாறலாகாது. நம்மவர்களுக்குத் தொப்பையே முதல் அறிகுறி. இடுப்புச் சுற்றளவு ஆடவர்க்கு 90 சென்டிமீட்டரும், பெண்டிர்க்கு 80 சென்டிமீட்டரும் தாண்டினால் எச்சரிக்கை கொள்ளவேண்டும். மத்திய அரசு 2021 பிப்ரவரியில் இந்நோயை, புற்றுநோய், நீரிழிவு, இதய நோய் ஆகியவற்றைத் தடுக்கும் தேசியத் திட்டத்தில் சேர்த்தது. ஒரு தனி மனிதரின் தொல்லையாக மட்டும் அரசு இதனைக் கருதவில்லை என்பது இதனால் விளங்கும்.

பசுந்தேநீர் என்பது யாது?

கடைகளில் ‘கிரீன் டீ’ என்று விற்கப்படுவது தனிச் செடி ஒன்றின் இலையன்று. நாம் நாள்தோறும் அருந்தும் தேயிலைக்கும் இதற்கும் செடி ஒன்றே; பக்குவம்தான் வேறு. கருந்தேயிலைக்கு, பறித்த கொழுந்தை வாடவிட்டு, உருட்டி, காற்றுப்படச் செய்து நிறம் மாறவிடுவர். பசுந்தேயிலைக்கோ, பறித்தவுடன் ஆவியிலோ சூடான சட்டியிலோ வாட்டி, அம்மாற்றம் நிகழாதவாறு நிறுத்திவிடுவர். நம் நீலகிரியிலும் இமாசலப் பிரதேசத்துக் காங்கிராவிலும் பசுந்தேயிலை தயாரிக்கப்படுகிறது. கொழுந்தில் இயற்கையாக உள்ள கேட்டெச்சின் என்னும் துவர்ப்புப் பொருள்கள் பசுந்தேயிலையில் மிகுதியாக எஞ்சி நிற்கின்றன. கல்லீரலுக்கு நன்மை செய்யக்கூடியவை இவையே என்று அறிஞர்கள் ஆராய்ந்து வருகின்றனர்.

மனிதர்களிடம் நடந்த ஆராய்ச்சிகள் சிலவற்றைக் காண்போம். ஜப்பானில் 17 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வில், கேட்டெச்சின் மிகுந்த தேநீரை நாளொன்றுக்கு 700 மில்லி வீதம் 12 வாரம் அருந்தியவர்களுக்குக் கல்லீரல் கொழுப்புக் குறைந்தது. ஈரானில் 80 நோயாளிகளிடம் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், பசுந்தேயிலைச் சாற்று மாத்திரையை 90 நாள் உட்கொண்டவர்களுக்கு, கல்லீரல் பாதிப்பைக் காட்டும் இரத்த நொதிகளின் அளவு இறங்கியது. நம்பிக்கை தரும் முடிவுகளே இவை. ஆயினும் 17 பேரும் 80 பேரும் மிகச் சிறிய தொகை. மூன்று மாதமும் குறுகிய காலம்.

இவற்றினும் பெரிய ஆய்வொன்று இசுரேலில் 294 பேரைக் கொண்டு 18 மாதம் நடந்து, 2021-இல் வெளியாயிற்று. அனைவருக்கும் உடற்பயிற்சி விதிக்கப்பட்டது. ஒரு பிரிவினருக்கு நல்லுணவு பற்றிய அறிவுரை மட்டும் கூறப்பட்டது. அவர்களுடைய கல்லீரல் கொழுப்பு 12 விழுக்காடு குறைந்தது. காய்கறி, மீன், ஆலிவ் எண்ணெய் ஆகியவை மிகுந்த உணவோடு அக்ரோட்டும் உண்டவர்களுக்கு 20 விழுக்காடு குறைந்தது. அவ்வுணவோடு இறைச்சியை மேலும் குறைத்து, நாள்தோறும் 3 அல்லது 4 கோப்பை பசுந்தேநீரும், நீரில் வளரும் ஒருவகைப் பச்சிலையும் சேர்த்துக்கொண்டவர்களுக்கு ஏறத்தாழ 39 விழுக்காடு குறைந்தது. இதில் தேநீருக்கும் பங்கு இருக்கலாம். ஆனால் அது உணவு முறை முழுவதும் மாறியபோது வந்த துணை என்பதை மறத்தலாகாது. வயல் சீர்பட்டு, நீர் பாய்ந்து, களை நீங்கிய பின் இடும் மேலுரத்தைப் போன்றது அது. களை மண்டிய வயலில் மேலுரத்தை மட்டும் தூவிப் பயனென்ன?

சிறிய ஆய்வின் முடிவை ஏன் உடனே நம்பலாகாது என்பதற்குச் சென்னையிலேயே ஓர் உதாரணம் உண்டு. மஞ்சள்காமாலைக்கு நம்மவர்கள் வழிவழியாகக் கொடுத்து வந்த கீழாநெல்லியைச் சென்னைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் எஸ்.பி. தியாகராஜனும் அவர்தம் குழுவினரும் ஆராய்ந்தனர். கல்லீரல் அழற்சி ‘பி’ கிருமியை நெடுநாள் சுமந்தவர்களுக்கு அதைக் கொடுத்ததில், நூற்றுக்கு 59 பேரின் இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது என்று 1988-இல் இலண்டன் மருத்துவ இதழான ‘லான்செட்’டில் அறிவித்தனர். உலகமே வியந்தது. ஆனால் பிற நாடுகளில் பின்னர் நடந்த சோதனைகள் பலவற்றில் அத்தகைய பலன் கிட்டவில்லை. இதனால் கீழாநெல்லிக்கோ அவ்வறிஞர்களுக்கோ இழுக்கில்லை. ஒரு போகத்து விளைச்சலைக் கண்டு விதையின் தரத்தை முடிவு செய்வதில்லை அன்றோ? பல மண்ணிலும் பல பருவத்திலும் விளைந்து காட்டவேண்டும். மருந்துக்கும் அதே நியதிதான்.

தாதுக்களைக் கூட்டினால் நன்மை கூடுமா?

இனி, தாதுச் சத்தூட்டிய தேநீரைப் பார்ப்போம். துத்தநாகமும் செலீனியமும் உடலுக்கு இன்றியமையாதவை. கல்லீரலில் உண்டாகும் கெடுதலான வேதிமாற்றங்களைத் தணிக்கும் நொதிகள் இயங்க இவை தேவை. ஆகவே கேட்டெச்சினோடு இவற்றையும் சேர்த்தால் இரட்டைப் பயன் விளையலாம் என்பது ஆராய்ச்சியாளரின் கருத்து. விலங்குகளிடம் நடந்த சோதனைகள் சில இக்கருத்துக்கு இடம் தருகின்றன. ஆனால் எலிக்குப் பலித்ததெல்லாம் மனிதர்க்குப் பலிப்பதில்லை. ஐரோப்பியக் கல்லீரல் ஆய்வுச் சங்கமும் அதனோடு சேர்ந்த சங்கங்களும் 2024-இல் வெளியிட்ட மருத்துவ நெறிமுறையில், இத்தகைய ஊட்டச்சத்துப் பொருள்களை இந்நோய்க்குப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்றே கூறப்பட்டுள்ளது.

தாதுக்களில் மிகுதியும் கெடுதலே என்பதற்குச் செலீனியம் தக்க சான்று. வளர்ந்தவர்க்கு நாளொன்றுக்கு வேண்டிய செலீனியம் ஏறத்தாழ 55 மைக்ரோகிராம்தான். ஒரு கிராமைப் பத்து இலட்சம் பங்காக்கினால் ஒரு பங்கே ஒரு மைக்ரோகிராம். சீன நாட்டின் ஹூபே மாகாணத்து என்ஷி என்னும் மலைப்பகுதியின் மண்ணில் செலீனியம் மிகுதி. செலீனியம் நிறைந்த பசுந்தேயிலை அங்கு இன்று பெயர்பெற்ற விளைபொருள். ஆனால் அதே பகுதியில் 1960-களின் தொடக்கத்தில், நிலத்தில் விளைந்த உணவில் செலீனியம் அளவு கடந்ததால், கிராமத்தாரின் தலைமயிரும் நகங்களும் உதிர்ந்தன. அமெரிக்காவில் நடந்த ஆராய்ச்சி ஒன்றில், நாள்தோறும் 200 மைக்ரோகிராம் செலீனியம் பல ஆண்டுகள் உட்கொண்டவர்களிடத்தில் நீரிழிவு கூடுதலாகக் காணப்பட்டது என்று 2007-இல் வெளியிட்டனர். நீரிழிவும் கல்லீரல் கொழுப்பும் உடன்பிறந்த நோய்கள். ஒன்றுக்கு மருந்தென்று எண்ணி உட்கொள்வது மற்றதை அழைத்து வரலாகாது.

குரோமியத்தைப் பற்றிப் பல்லாவரத்து மக்களுக்கு நாம் தனியே கூறவேண்டும். பக்கத்து ஊரான குரோம்பேட்டையின் பெயரே, 1912-ஆம் ஆண்டளவில் சேம்பர்ஸ் என்பார் நிறுவிய குரோம் தோல் தொழிற்சாலையால் வந்தது. குரோமிய உப்பைக் கொண்டு தோல் பதனிடும் தொழில் பல்லாவரம், நாகல்கேணி வட்டாரத்தில் பரவிப் பல்லாயிரவர்க்குப் பிழைப்பளித்தது. அதன் கழிவு நிலத்தடி நீரையும் கெடுத்தது. இவ்வட்டாரத்துக் கிணற்று நீரைச் சோதித்து அண்ணா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், பெரும்பாலான மாதிரிகளில் குரோமியம், குடிநீருக்கு இந்தியத் தரநிர்ணயம் விதித்துள்ள லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் என்னும் வரம்பைத் தாண்டியிருந்தது.

குரோமியத்தில் இரு நிலைகள் உண்டு. உணவிலும் சத்து மாத்திரையிலும் இருப்பது தீங்கு குறைந்த ஒரு நிலை. தோல் பதனிடவும் அதையே பயன்படுத்துவர். சில சூழல்களில் அது மாறி அடையும் மற்றொரு நிலை கொடிய நஞ்சு. தீங்கு குறைந்த குரோமியம்கூட மனிதர்க்கு இன்றியமையாச் சத்து என்பதற்குத் தக்க ஆதாரமில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2014-இல் முடிவு கூறியது. எனவே ‘குரோமியம் சேர்ந்தது’ என்ற சொல்லைக் கண்டு பொட்டலத்துக்குக் கூடுதல் விலை கொடுப்பதில் பொருளில்லை. ‘எங்கள் கிணற்று நீரில் அது இருக்கிறது, நல்லதுதானே’ என்று எவரும் எண்ணிவிடவும் கூடாது.

தாதுக்கள் வேண்டாமா எனின், வேண்டும். அவற்றை நம் நிலமே தருகிறது. கம்பு, கேழ்வரகு, கொண்டைக்கடலை, துவரை, நிலக்கடலை, எள், கீரைகள், முட்டை, மீன் ஆகியவற்றில் துத்தநாகமும் மெக்னீசியமும் பிற தாதுக்களும் கலந்து கிடைக்கின்றன. சாதாரண உணவில் இவை அளவு மிஞ்சுவது அரிது. தேயிலைச் செடியும் மண்ணிலிருந்து சில தாதுக்களைத் தானே இழுத்துச் சேர்க்கும். ஃபுளூரைடு அவற்றுள் ஒன்று. தருமபுரி, கிருஷ்ணகிரி போன்ற, நீரில் ஃபுளூரைடு மிகுந்த மாவட்டத்தார் எந்தத் தேநீரையும் அளவோடு அருந்துதல் நலம்.

தேநீர் வேறு, மாத்திரை வேறு

கொதித்து ஆறிய நீரில் இலையை ஊறவைத்து அருந்தும் தேநீர் பெரும்பாலோர்க்குத் தீங்கற்றது. அதே இலையின் சாற்றைச் செறிவாக்கி மாத்திரையாக விழுங்குவது வேறு. ‘எக்சோலைஸ்’ என்னும் பசுந்தேயிலைச் சாற்று மருந்தை, கல்லீரல் பாதிப்புக் காரணமாகப் பிரான்சிலும் ஸ்பெயினிலும் 2003-இல் விற்பனையிலிருந்து நீக்கினர். அமெரிக்காவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்களிடம் ஓராண்டு நடந்த ஆய்வில், செறிவான சாற்று மாத்திரை உட்கொண்டவர்களுள் 5.1 விழுக்காட்டினருக்குக் கல்லீரல் நொதிகள் கவலைக்குரிய அளவு உயர்ந்தன. வெறும் மாத்திரை பெற்றவர்களுள் 0.7 விழுக்காட்டினருக்கே அவ்வாறு நேர்ந்தது. கேட்டெச்சின்களுள் முதன்மையானதை நாளொன்றுக்கு 800 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் மாத்திரையாகக் கொள்வது கல்லீரலுக்கு ஆகாது என்று ஐரோப்பிய ஆணையம் 2018-இல் எச்சரித்தது. கல்லீரலைக் காக்க வாங்கிய பொருளே கல்லீரலைக் கெடுக்கும் கொடுமை இது.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. தேநீரின் துவர்ப்பு, கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்காமல் தடுக்கிறது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களுள் 53.4 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். அவர்கள் உணவோடும், இரும்புச் சத்து மாத்திரையோடும் தேநீர் அருந்தலாகாது. ஒரு மணி நேரமேனும் இடைவெளி விடவேண்டும். கருவுற்ற பெண்களும், நாள்தோறும் மருந்து உட்கொள்வோரும் மருத்துவரைக் கேட்டே அளவை முடிவு செய்தல் நன்று.

பசுந்தேநீரால் நமக்குக் கிட்டக்கூடிய உறுதியான இலாபம் ஒன்று உண்டு. இரண்டு கரண்டி சர்க்கரையிட்ட ஒரு கோப்பைத் தேநீரில் ஏறத்தாழ 10 கிராம் சர்க்கரை சேருகிறது. நாளுக்கு 4 கோப்பை அருந்துபவர் 40 கிராமும், ஆண்டுக்கு 14 கிலோவுக்கு மேலும் சர்க்கரை உட்கொள்கிறார். நாளுக்கு ஏறத்தாழ 25 கிராமுக்குள் அடக்குவது நலம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2015-இல் கூறிய அறிவுரை. சர்க்கரையிட்ட தேநீருக்குப் பதிலாகச் சர்க்கரையில்லாப் பசுந்தேநீரையோ, சுக்குநீரையோ, நீர்மோரையோ அருந்துபவர் இச்சுமையைக் கல்லீரலிலிருந்து இறக்கிவிடுகிறார். பசுந்தேநீரிலேயே சர்க்கரையும் தேனும் கலந்து பருகினால் அந்த இலாபமும் போய்விடும்.

உறுதியாகப் பலன் தருபவை

கல்லீரலில் படிந்த கொழுப்பைத் தொடக்க நிலையில் முற்றும் நீக்க இயலும் என்பது மகிழ்ச்சிக்குரிய செய்தி. உடல் எடை மிகுந்தவர் அதில் 5 விழுக்காடு குறைத்தால் கொழுப்புக் குறைகிறது. 7 விழுக்காடு குறைத்தால் அழற்சி தணிகிறது. 10 விழுக்காடு குறைத்தால் தழும்பும் ஆறத் தொடங்குகிறது. 70 கிலோ எடையுள்ளவர்க்கு இவை முறையே மூன்றரை, ஐந்து, ஏழு கிலோ ஆகும். கியூபா நாட்டில் 293 நோயாளிகளை ஓராண்டு கவனித்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், எடையில் பத்தில் ஒரு பங்கு குறைத்தவர்களுள் நூற்றுக்கு 90 பேருக்கு அழற்சி நீங்கியது. 45 பேருக்குத் தழும்பு குறைந்தது. அவ்வளவு குறைத்தவர்கள் பத்தில் ஒருவரே என்பதையும் சொல்லவேண்டும். வழி எளியதன்று, ஆனால் வேறெந்தப் பொட்டலமும் இத்தகைய பலனைக் காட்டியதில்லை.

எடையைத் திடீரெனக் குறைப்பதும், பட்டினி கிடப்பதும் தவறு. வாரத்துக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை போதும். தட்டில் பாதி காய்கறியும் கீரையும், கால் பங்கு பருப்பு, முட்டை, மீன் இவற்றில் ஒன்றும், மீதிக் கால் பங்கு சோறோ சிறுதானியமோ இருக்கலாம். இனிப்புப் பானங்களையும் எண்ணெயில் பொரித்தவற்றையும் நாள்தோறும் உண்பதை நிறுத்தவேண்டும். மதுவை அறவே விலக்கவேண்டும். வாரத்தில் 150 நிமிடம் மூச்சு சற்று வாங்கும்படி நடந்தால் எடை அதிகம் குறையாவிடினும் கல்லீரல் கொழுப்புக் குறையும். மெலிந்த உடம்பினர்க்கும் உணவும் நடையுமே மருந்து. தழும்பு முற்றியவர்களுக்கு வேண்டிய மருந்துகளை மருத்துவர் முடிவு செய்வார்.

பஞ்சாயத்துகள் செய்யத்தக்கவை

தனி மனிதரின் முயற்சிக்கு ஊரின் துணை வேண்டும். பஞ்சாயத்து அங்கத்தினர்கள் கீழ்க்கண்டவற்றைக் கருத்தில் கொள்ளலாம்.

1. ஆண்டுக்கு 6 முறை கூடும் கிராம சபையில் ஒரு கூட்டத்திலேனும் இந்நோயைப் பற்றிச் சுகாதார நிலைய மருத்துவரைப் பேச அழைக்கலாம். இது குடியர்க்கு மட்டும் வரும் நோயன்று என்பதை ஊரறியச் சொன்னாலே பலர் அச்சமின்றிச் சோதனைக்கு வருவர்.

2. 2021 ஆகஸ்டு 5-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் வீட்டிலேயே சோதிக்கப்படுகின்றன. அவ்வாறு சர்க்கரை நோய் கண்டவர்களும், தொப்பை மிகுந்தவர்களும் கல்லீரலையும் சோதித்துக்கொள்ளுமாறு தூண்டவேண்டும். வயது, இரண்டு கல்லீரல் நொதிகள், இரத்தத் தட்டணுக்கள் ஆகிய நான்கைக் கொண்டே தழும்பின் அபாயத்தை மருத்துவர் கணக்கிட்டுவிடுவார்.

3. ஊரிலுள்ள தேநீர்க் கடைக்காரர்களை அழைத்துப் பேசி, சர்க்கரையைத் தனியே கொடுக்கும் வழக்கத்தைக் கொண்டுவரலாம். வேண்டியவர் வேண்டிய அளவு இட்டுக்கொள்வர், கடைக்காரர்க்கும் சிக்கனம்.

4. ஏரிக்கரையையும் பள்ளி மைதானத்தையும் காலை மாலை நடப்பதற்கு ஏற்றதாகச் செப்பனிட்டு, விளக்கு அமைக்கலாம். பெண்கள் அஞ்சாமல் நடக்கக்கூடிய பாதையே பயனுள்ள பாதை.

5. தோல் பதனிடும் ஆலைகளோ உலோக மெருகுத் தொழிலோ உள்ள வட்டாரங்களில், கிணற்று நீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்துக்கு அனுப்பிக் குரோமியம் உள்ளதா என்று சோதிக்கவேண்டும். முடிவை அறிவிப்புப் பலகையில் எழுதி வைத்தல் அவசியம்.

6. மகளிர் குழுக்களைக் கொண்டு வீட்டுத் தோட்டக் கீரைகளையும் சிறுதானியங்களையும் பரப்பலாம். குடியானவர்கள் கம்பும் கேழ்வரகும் பயறும் சிறிதளவேனும் வீட்டுக்கென விளைவித்துக்கொள்வது, சத்தூட்டிய பொட்டலத்தைக் காட்டிலும் மலிவானது.

7. நோயைத் தீர்க்கும் என்று உணவுப் பொருளை விளம்பரம் செய்வதை உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2018-இல் வந்த விதிகள் தடுக்கின்றன. அத்தகைய பொட்டலம் ஊரில் விற்கப்பட்டால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலர்க்கு எழுதலாம். வாங்குவோர் பொட்டலத்தில் 14 இலக்க உரிம எண் உள்ளதா, எந்தத் தாது எவ்வளவு சேர்ந்துள்ளது என்று பார்க்கவேண்டும். அளவு குறிக்காத பொருளை வாங்காமலிருப்பதே அறிவுடைமை.

பசுந்தேநீரை நாம் இகழவில்லை. நீலகிரித் தோட்டங்களின் நல்ல விளைபொருள் அது; விரும்புவோர் நாளுக்கு இரண்டு மூன்று கோப்பை சர்க்கரையின்றி அருந்தலாம். ஆனால் அதை நம்பி நடையைக் கைவிடுவதும், தாதுச் சத்தூட்டிய பொட்டலத்துக்குச் செலவழித்த காசால் காய்கறி வாங்க இயலாமற் போவதும், பருகுகிறோமே என்ற துணிவில் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதும் பெருங்கேடு. பல்லாவரம் வட்டாரத்தில் உழைப்பும் உணவும் மாறியபின் வந்த தொல்லை, இன்னும் வயலும் வரப்பும் உள்ள கிராமங்களில் முற்றுமுன்னரே தடுக்கப்படவேண்டும். அதற்கு வேண்டிய கீரையும் தானியமும் நம் நிலத்தில் விளைகின்றன. நடக்க ஏரிக்கரை இருக்கிறது. சோதிக்கச் சுகாதார நிலையம் இருக்கிறது. அடுத்த கிராம சபைக் கூட்டத்திலேயே இதனை ஒரு பொருளாக எடுத்துக்கொண்டு, தம் ஊராரின் நலத்தைக் காக்குமாறு பஞ்சாயத்து அங்கத்தினர்களையும் குடியானவர்களையும் கேட்டுக்கொள்கிறோம்.